பாடநூலில் இல்லாத உடல்

பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். மணிக்கட்டின் நடுவில், தோலுக்கு அடியில், ஒரு நாண் விறைத்து எழும்பும். பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண் அது. எழும்பவில்லையா? கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தத் தசையே உங்களுக்கு இல்லாமலிருக்கலாம். பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி 100 பேரில் சுமார் 15 பேருக்கு ஒரு கையிலோ இரு கைகளிலோ இது இருப்பதில்லை. இந்தக் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும். இல்லாதவர்களின் பிடி தளர்ந்துபோவதில்லை. அதனால்தான் கையில் வேறொரு நாண் அறுந்துபோனால், அதற்கு ஈடாக இதை எடுத்துப் பொருத்துகிறார்கள் அறுவை மருத்துவர்கள்.

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் பெரும்பாலும் கையிலிருந்துதான் உடற்கூறாய்வு தொடங்கும். டிசெக்ஷன் ஹாலில் வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு உடல், சுற்றிலும் வெள்ளைக் கோட்டு மாணவர்கள். ஒரு மேசையில் இந்த நாண் முன்கையின் நடுவே தெளிவாகத் தெரியும். பக்கத்து மேசையில் நாலு பேர் குனிந்து தேடிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்பாள்: "மேடம், நாங்க அதை வெட்டிட்டோமோ?" டியூட்டர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "வெட்டலைம்மா, இந்த ஐயாவுக்கு அது இல்லவே இல்லை. நோட்ல எழுதி வெச்சுக்கோங்க" என்பார்.

உடற்கூறியல் வகுப்பின் முதன்மையான பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்பேன். புத்தகம் வரைந்து காட்டும் உடல் எவருக்கும் சொந்தமான உடல் இல்லை. பல உடல்களைப் பார்த்து, அடிக்கடி தென்படுவதை மட்டும் தொகுத்து எழுதிய உடல் அது. நோயாளியாக வந்து படுக்கும் மனிதரோ தன் சொந்த உடலோடுதான் வருவார்.

புத்தகம் இல்லாமல் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே சீனியர்களிடமிருந்து போன் செட் என்ற எலும்புத் தொகுப்பு கைமாறும். காறை எலும்பைக் கையில் எடுத்து இது வலதா இடதா என்று சொல்லப் பழக வேண்டும். தோள் பக்கத்து முனை தட்டையாக இருக்கும், மார்பெலும்புப் பக்கத்து முனை உருண்டு திரண்டிருக்கும். நீள எலும்புகளில் படுக்கைவாட்டில் கிடப்பது இது ஒன்றுதான். கருவில் முதன்முதலாக எலும்பாக மாறத் தொடங்குவதும் இதுதான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இந்த எலும்பைக் கையில் கொடுக்காத தேர்வாளரைக் காண்பது அரிது. இப்படி நூற்றுக்கணக்கான பெயர்களும் இடங்களும் தலைக்குள் ஏறிய பிறகுதான் எதைத் தேடுகிறோம் என்பதே தெரியும். தெரிந்தபின் உடலைத் திறந்தால், கண்முன் விரிவது முற்றிலும் வேறோர் உலகம்.

வண்ணப் படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் எல்லாமே சாம்பல் கலந்த பழுப்பு. உடலைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின், புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. 1893-இல் ஃபெர்டினாண்ட் புளும் என்ற ஜெர்மானிய மருத்துவர் திசுக்களைப் பதப்படுத்த இதைப் பயன்படுத்தலாம் என்று கண்டதிலிருந்து உலகத்தின் உடற்கூறியல் கூடங்களுக்கெல்லாம் இதே வாடைதான். முதல் சில நாட்கள் கண்ணில் நீர் வடியும். தசை விறைத்துப்போய், நிறம் மங்கி, எதற்கு எது எல்லை என்றே புரியாது.

அந்தக் கட்டத்தில் உதவுவது விரல்தான். நரம்பை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் உள்ளீடுள்ள கெட்டியான இழையாகத் தெரியும், நசுங்காது. தமனிக்குச் சுவர் தடித்திருக்கும். அமுக்கிவிட்டால் மீண்டும் விரியும், உள்ளே குழல் இருப்பதை உணரலாம். சிரை மெல்லியது, தட்டையாகச் சரிந்து கிடக்கும், சில இடங்களில் உறைந்த ரத்தம் கறுப்பாகத் தென்படும். கத்தியின் வேலை தோலோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அதற்குப் பிறகு, கத்தரியின் முனையை மூடியபடி திசுவுக்குள் நுழைத்து, உள்ளே போனதும் விரிப்பார்கள். வெட்டாமல் விலக்குவது என்ற இந்த உத்தி கைவந்துவிட்டால் நரம்புகள் பிழைக்கும்.

அக்குளை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் மிகவும் அஞ்சும் இடம் அது. கழுத்தருகே தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் மூன்று தண்டுகளாகச் சேர்ந்து, ஆறு கிளைகளாகப் பிரிந்து, மறுபடியும் மூன்று வடங்களாகத் திரண்டு, கடைசியில் கையை இயக்கும் ஐந்து முக்கிய நரம்புகளாக வெளியேறுகின்றன. பிரேக்கியல் பிளெக்சஸ் என்ற இந்தப் பின்னலைத் தேர்வில் ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம். உடலிலோ அது கொழுப்புக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் அடியில், ஒரு பெரிய சிரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கொழுப்பைத் துணுக்குத் துணுக்காக இடுக்கியால் எடுக்க வேண்டும். தமனியின் முன்பக்கத்தில் நரம்புகள் ஆங்கில எம் எழுத்தின் வடிவில் கூடும் இடம் கண்ணில் பட்டதும் மேசையைச் சுற்றி ஒரு நிம்மதி பரவும், அங்கிருந்து மற்றவற்றுக்குப் பெயர் சொல்லிவிடலாம் என்பதால். ஆனால் சில உடல்களில் அந்த எம் எழுத்துக்குக் கூடுதலாக ஒரு கோடு முளைத்திருக்கும். மேல்கையில் தசைக்குள் புகுந்து செல்லும் நரம்பிலிருந்து நடு நரம்புக்கு ஒரு இணைப்பு இழை போகும். பாடநூலில் அது சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாக இருக்கும். இந்த உடலில் அதுதான் உண்மை.

கண் எதிரில் இருப்பதைவிட ஏட்டில் இருப்பதை நம்பும் பழக்கம் மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். மருத்துவ உலகமே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் இருந்தது. கி.பி. 129-இல் பெர்கமோனில் பிறந்த கேலன் மிகச் சிறந்த ஆய்வாளர். ஆனால் அவர் காலத்து ரோமில் மனித உடலை அறுக்க வழியில்லை. குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்துத்தான் எழுதினார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார். மூளையின் அடியில் ரெடே மிராபிலே என்ற ரத்தக்குழாய் வலை இருக்கிறது என்றார். ஆடு மாடுகளுக்கு அந்த வலை உண்டு, மனிதருக்குக் கிடையாது.

1200-ஐ ஒட்டி எகிப்தில் கொடும் பஞ்சம் வந்தது. அங்கே இருந்த பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், குவியல் குவியலாகக் கிடந்த எலும்புக்கூடுகளைப் போய்ப் பார்த்தார். தாடை எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். எல்லாமே ஒற்றை எலும்பு. புலன்கள் தரும் சான்று கேலனின் சொல்லைவிட நம்பத்தக்கது என்ற கருத்தைத் துணிந்து பதிவு செய்தார். ஆனால் ஐரோப்பா அதைக் கேட்கவில்லை, 300 ஆண்டுகளுக்கு மேல் கேலனையே ஓதிக்கொண்டிருந்தது. அங்கே பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து கேலனை வாசிப்பார். கீழே ஒருவர் உடலை அறுப்பார், இன்னொருவர் கோலால் சுட்டிக்காட்டுவார். மேலே வாசிப்பதும் கீழே தெரிவதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

1537-இல், 23 வயதுகூட நிரம்பாத ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, இருக்கையைவிட்டு இறங்கித் தானே கத்தியை எடுத்தார். இந்தக் கதை பலருக்குத் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த ஆண்டே அவர் ஆறு உடற்கூறியல் படத்தாள்களை அச்சிட்டார். அவற்றில் கேலனின் ரெடே மிராபிலே வரையப்பட்டிருக்கிறது! மனிதத் தலையில் அது கிடைக்காததால், மாணவர்களுக்குக் காட்ட ஆட்டுத் தலை ஒன்றையும் வைத்துக்கொண்டார். உடலைத் தன் கையால் திறந்தவருக்கே, கேலன் சொன்னது அங்கே இல்லை என்று ஒப்புக்கொள்ள ஆண்டுகள் பிடித்தன. 1543-இல் பாசல் நகரில் அச்சான ஃபாப்ரிக்கா என்ற பெருநூலில், தானும் கண்ணை மூடிக்கொண்டு கேலனை நம்பியதை வெளிப்படையாக எழுதினார். அவருக்குப் பாரிஸில் பாடம் சொன்ன சில்வியஸ் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கேலன் பிழை செய்யவில்லை, கேலனின் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் சீரழிந்து மாறிவிட்டது என்று வாதிட்டார்.

அதே கேலன் பிழையே இல்லாமல் கண்டதும் உண்டு. பன்றியின் கழுத்தில் ஒரு மெல்லிய நரம்பை ரோமில் கூட்டத்தின் முன்னே அவர் அறுத்தபோது, அதுவரை கதறிக்கொண்டிருந்த விலங்கின் குரல் நின்றுபோனது. குரல்வளைக்குச் செல்லும் மீள் நரம்பு அது. இதன் பாதையைப் பார்க்கும் எந்த மாணவரும் ஏன் இப்படி என்று கேட்காமல் இருப்பதில்லை. மூளையிலிருந்து வரும் நரம்பு குரல்வளையைக் கடந்து நேரே மார்புக்குள் இறங்கி, இடதுபுறத்தில் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. வலதுபுறத்தில் காறை எலும்பின் அடியில் ஓடும் தமனியைச் சுற்றித் திரும்புகிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் இதே பாதைதான். அங்கே இந்தச் சுற்று நான்கு மீட்டரைத் தாண்டிவிடும்.

விடை கருவில் இருக்கிறது. ஆரம்ப வாரங்களில் நமக்குக் கழுத்து என்று ஒன்று இல்லை. இதயம் தலைக்கு மிக அருகில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் தமனி வளைவுகள் இருபுறமும் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அந்த வளைவுகளுக்குக் கீழாகத்தான் நரம்பு குரல்வளைக்குப் போகிறது, அப்போது அது நேர்வழி. பிறகு கழுத்து நீள, இதயம் மார்புக்குள் இறங்குகிறது. கூடவே இறங்கும் தமனி, கிணற்று ராட்டினம் கயிற்றை இழுப்பதுபோல நரம்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வலதுபுறத்தில் கீழ் வளைவுகள் மறைந்துவிடுவதால் நரம்பு நான்காம் வளைவோடு நின்றுவிடுகிறது. இடதுபுறத்தில் ஆறாம் வளைவு நிலைத்திருப்பதால் இன்னும் கீழே போகிறது. இரு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் இது திரும்புவதற்கு அதுவே காரணம்.

இப்போது ஒரு சிறு மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ, கருவில் வலதுபுறத்து நான்காம் வளைவும் மறைந்துவிடுகிறது. வலது கைக்குப் போக வேண்டிய தமனி, பெருந்தமனி வளைவின் கடைக்கோடியிலிருந்து கிளம்பி உணவுக்குழாயின் பின்புறமாகக் குறுக்கே வருகிறது. நரம்பைக் கீழே இழுக்க எதுவும் இல்லாததால், அது கழுத்திலேயே குறுக்காகத் திரும்பி நேராகக் குரல்வளைக்குப் போய்விடுகிறது. அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு வித்தியாசமும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தைராய்டு அறுவை செய்பவர் புத்தகத்தில் போட்டிருக்கும் இடத்தில் மட்டும் நரம்பைத் தேடிவிட்டு, குறுக்கே போகும் வெள்ளை இழையைச் சிறு ரத்தக்குழாய் என்று எண்ணி வெட்டிவிட்டால் நோயாளியின் குரல் கெட்டுவிடும். மாறுபாடுகள் கண்டபடி முளைப்பவை அல்ல. உடல் உருவாகும் வழியில் எங்கே பிரிவுகள் இருக்கின்றனவோ அங்கேதான் அவை நேர்கின்றன. கருவியலைச் சலிப்பான பாடம் என்று ஒதுக்கும் மாணவர்களிடம் இந்த ஒரு நரம்பைத்தான் காட்டச் சொல்வேன்.

2018-இல் அமெரிக்காவின் ஒரிகன் ஹெல்த் அண்ட் சயன்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 99 வயதில் இறந்த ஒரு மூதாட்டி தன் உடலைக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார். முதலாண்டு மாணவர்கள் மார்பைத் திறந்து இதயத்தின் வலதுபுறம் கீழ்ப்பெருஞ்சிரையைத் தேடினார்கள். உடலிலேயே பெரிய சிரை அது, தவறவிடவே முடியாது. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. ஆசிரியர்களைக் கூப்பிட்டார்கள். மாணவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அவர்களும் முதலில் நினைத்தார்கள். வயிற்றைத் திறந்ததும் புரிந்தது: இரைப்பையும் கல்லீரலும் மற்ற உறுப்புகளும் இடம் வலமாக மாறிக் கிடந்தன, இதயம் மட்டும் எல்லோருக்கும் போல இடதுபுறத்தில். இந்த அமைப்போடு பிறப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதயக் கோளாறுகள் இருப்பதால் வளர்ந்து ஆளாவது அபூர்வம். இவரோ ஒரு நூற்றாண்டை ஏறத்தாழ முழுமையாக வாழ்ந்திருக்கிறார். தன் உடல் இப்படி என்று அவருக்கே தெரியாது. மருத்துவர்கள் விட்டதை, இன்னும் எதையும் முழுசாகக் கற்றிராத மாணவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அவர் விரும்பிக் கொடுத்த உடல் அது. எல்லா மேசைகளிலும் அப்படி இல்லை, இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். அதன்பின் 1832-இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், உரிமை கோர ஆளில்லாத உடல்களைக் கல்லூரிகளுக்குத் தர வழிசெய்தது. நடைமுறையில் அவை ஏழை விடுதிகளில் இறந்தவர்களின் உடல்கள். 1858-இல் வந்த கிரேயின் உடற்கூறியல் நூலில் உள்ள 363 படங்களுக்குப் பின்னால் இருப்பவர்களும் பெயர் தெரியாத அந்த ஏழைகளே. படங்களை வரைந்த ஹென்றி வண்டைக் கார்ட்டர் அதே ஆண்டில் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். மதுரைப் பகுதியில் அதிகம் காணப்பட்டதால் மதுரைக் கால் என்று உலகம் அழைத்த நோயைப் பற்றி 1874-இல் தனி நூலே எழுதினார்.

நம் நாட்டில் மதுசூதன் குப்தா 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சாதி விலக்கையும் மீறி மனித உடலை அறுத்தது ஒரு திருப்புமுனை. தமிழ்நாட்டில் 1951-ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமை கோரப்படாத உடல்கள் அதன்படி கல்லூரிகளுக்கு வருகின்றன. தெருவோரத்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் தனியாக இறந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. உடல் கொடை பெருகி, இந்த ஏற்பாட்டுக்குத் தேவையே இல்லாமல் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஜோதி பாசுவின் உடல் 2010-இல் கொல்கத்தாவிலும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-இல் தில்லி எய்ம்ஸிலும் மாணவர்களுக்காக ஒப்படைக்கப்பட்டன. தைவானின் ட்சூ சி பல்கலைக்கழகத்தில் கொடையாளர்களை மௌன ஆசான்கள் என்று அழைக்கிறார்கள். மாணவர்கள் முதலில் கொடையாளரின் குடும்பத்தைச் சந்தித்து, அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உடலைத் தொடுகிறார்கள்.

திரைகள் வந்துவிட்டனவே, இனி உடல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டால் தசை விலகும், சுழற்றினால் எலும்பு சுழலும், பெயர் தானாகவே எழும். பெயர் கற்க அவை நல்ல துணை, மறுக்கவில்லை. ஆனால் திரைக்குள் இருப்பதும் ஏதோ ஒரு உடல்தான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் வெளியிட்ட விசிபிள் ஹ்யூமன் தொகுப்புக்காக ஒரு ஆணின் உடலை ஒவ்வொரு மில்லிமீட்டராகச் சீவிப் படமெடுத்தார்கள். மரண தண்டனை பெற்ற அந்த மனிதருக்குக் குடல்வாலும் இல்லை, ஒரு விரையும் இல்லை. உலகம் முழுவதும் மாதிரி மனிதராகக் கொண்டாடிய உடலும் பாடநூலோடு ஒத்துப்போகவில்லை. திரையில் இன்னொன்றும் நடக்காது: தேடுவது கிடைக்காமல் போகாது. கிடைக்காமல் போகும்போது என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ள மேசைக்குத்தான் வர வேண்டும்.

இதைக் கற்காததன் விலை பித்தப்பை அறுவையில் தெரியும். 1980-களின் இறுதியில் லேப்ராஸ்கோப் முறை பரவியபோது, வெட்டக்கூடாத பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடும் விபத்துகள் கூடின. 252 விபத்துகளை ஆராய்ந்த லாரன்ஸ் வே குழுவினர் 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 97 சதவீதத்துக்கு அடிப்படைக் காரணம் கைத்திறன் குறைவு இல்லை, பார்வை மயக்கம். பித்தப்பையின் குறுநாளம் இங்கேதான் இருக்கும் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது, கண் அதை ஆமோதித்தது. ஆட்டுத் தலையை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய இளம் வெசாலியஸுக்கு நேர்ந்ததும் இதுதான்.

இதற்கு மாற்றாக ஸ்டிராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் 1995-இல் முன்வைத்த வழிமுறையில், குறுநாளம் எங்கே இருக்கும் என்ற கேள்வியே இல்லை. பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்திலிருந்து கொழுப்பையும் நார்த்திசுவையும் முழுவதும் நீக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் நுழைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றும் நிறைவேறும்வரை எதையும் வெட்டக்கூடாது. வீக்கத்தாலோ வடுத்திசுவாலோ அது முடியாது என்றால், பித்தப்பையின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்து அறுவையை முடித்துக்கொள்ளலாம்.